முகத்தில் மங்கு விழத் தொடங்கியதும் செய்ய வேண்டியவை

இரண்டாவது பிரசவம் முடிந்த மூன்றாம் மாதம், இரு கன்னங்களிலும் பழுப்பாக ஏதோ படர்ந்திருப்பதைக் கண்ணாடியில் பார்த்தேன். "மங்கு விழுந்திருக்கிறது, பிள்ளை வளர வளரக் குறைந்துவிடும்" என்றார் மாமியார். அவர் பேச்சைக் கேட்டுப் பொறுத்திருந்தால் பெருமளவு குறைந்திருக்கும். நான் பொறுக்கவில்லை. தெருமுனை மருந்துக்கடையில் ஒரு டியூப் கேட்டு வாங்கினேன். பத்தே நாளில் முகம் பளிச்சென்று ஆகிவிட்டது. ஆறு மாதம் விடாமல் பூசினேன். நிறுத்திய வாரமே முகம் சிவந்து எரியத் தொடங்கியது. கன்னத்தில் பூனைமுடி அடர்ந்து வளர்ந்திருந்தது. மங்கு முன்னைவிடக் கருத்துத் திரும்பி வந்தது. அதைச் சீராக்க இரண்டு ஆண்டுகள் பிடித்தன.

அந்த முதல் பத்து நாட்களில் இப்போது இருக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். தோலின் நிறம் மாறத் தொடங்கியதும் எதைப் பூசலாம் என்றுதான் மனம் தேடும். அதற்கு முன்னால் எதை நிறுத்த வேண்டும் என்று பார்க்க வேண்டும். அதற்கும் முன்னால், வந்திருப்பது என்ன என்று தெரிய வேண்டும்.

வெளிச்சத்தில் நின்று பாருங்கள்

காலையில் முகம் கழுவி, பவுடர் பூசாமல், ஜன்னலோரம் நின்று பாருங்கள். குழல்விளக்கு வெளிச்சம் நிறத்தை மாற்றிக் காட்டும். அப்படியே கைப்பேசியில் ஒரு படம் எடுத்துத் தேதியோடு வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

மங்கு என்றால் இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். கன்னமேடு, நெற்றி, மூக்குத்தண்டு, மேலுதடு ஆகிய இடங்களில் பழுப்பாகப் படரும். அரிக்காது, வலிக்காது, செதில் உதிராது. தடவிப் பார்த்தால் சுற்றியுள்ள தோலைப் போலவே வழவழப்பாக இருக்கும். கர்ப்பம், கருத்தடை மாத்திரை, வெயில், குடும்ப வாகு ஆகியவைதான் பெரும்பாலும் பின்னணியில் இருக்கும். பெண்களிடம் அதிகம் என்றாலும் ஆண்களுக்கும் வரும்.

உங்களுடையது இதோடு ஒத்துப்போகவில்லை என்றால் வேறு எதுவோ என்று வைத்துக்கொள்ளுங்கள். பரு வந்த இடத்திலோ கொசு கடித்துச் சொறிந்த இடத்திலோ மட்டும் கருமை நின்றால், அது புண் ஆறிய தடம். நம் தோலில் சிறு காயம்கூட இப்படித் தடம் விட்டுத்தான் போகும். பருவைக் கிள்ளாமல் இருந்தாலே பாதித் தடங்கள் வராது. சிக்குன்குனியா காய்ச்சல் வந்து போனபின் மூக்கு மட்டும் கருத்துப்போவது உண்டு. அது பெரும்பாலும் சில மாதங்களில் தானாக மங்கும்.

கழுத்தின் பின்புறமும் அக்குளும் கருத்து, தோல் தடித்து வெல்வெட் துணி போல இருந்தால், தேய்த்துக் குளிக்காததால் வந்த அழுக்கு என்று பிள்ளைகளைத் திட்டாதீர்கள். எத்தனை தேய்த்தாலும் அது போகாது. உடலில் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளமாக அது இருக்கலாம். க்ரீம் வாங்கும் பணத்தில் முதலில் சர்க்கரைப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். எடை குறைந்து சர்க்கரை கட்டுக்குள் வரும்போது கழுத்தும் மெல்ல வெளுக்கும். மாதவிடாய் ஒழுங்கில்லாத பெண்களுக்குச் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையோடு சேர்ந்தும் இது வரும்.

விரல் முட்டிகள் மேல் திடீரென்று கருமை ஏறினால் வைட்டமின் பி12 குறைவாக இருக்கலாம். அசைவமும் பாலும் தொடாதவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நிறம் குறைகிற திட்டுகளும் இருக்கின்றன. மார்பிலும் முதுகிலும் வெளிறிய வட்டங்கள் தோன்றி, நகத்தால் சுரண்டினால் மாவு போலச் செதில் வந்தால் அது தேமல். பூஞ்சையால் வருவது, மருந்துக்கு எளிதில் கட்டுப்படும். ஆனால் பூஞ்சை செத்த பிறகும் நிறம் திரும்பச் சில வாரங்கள், சில மாதங்கள்கூட ஆகலாம். இது தெரியாமல் மருந்து வேலை செய்யவில்லை என்று மாற்றி மாற்றிப் பூசுகிறவர்கள் நிறையப் பேர். சிறுபிள்ளைகளின் கன்னத்தில் வரும் வெளிறிய, சற்றே வறண்ட திட்டுகளுக்குப் பூச்சி மருந்து கொடுப்பது நம் வழக்கம். பெரும்பாலும் அது வறட்சியால் வருவது. ஈரப்பதம் தரும் களிம்பைப் பூசி, வெயிலில் அலைவதைக் குறைத்தால் போதும்.

பால் போல வெள்ளையாக, ஓரம் தெளிவாகத் தெரிகிற திட்டு என்றால் வெண்புள்ளியாக இருக்கலாம். இதில் ஒரு வாரத்தைக்கூட வீணாக்காதீர்கள். உடலின் எதிர்ப்பு அணுக்களே நிற அணுக்களைத் தாக்குவதால் வருவது இது, தொடுவதால் பரவாது. வெண்குஷ்டம் என்ற பழைய பெயர் எத்தனையோ பெண்களின் வாழ்க்கையைக் கெடுத்திருக்கிறது. தொழுநோய்க்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. திட்டுக்குள் இருக்கும் முடி கறுப்பாக இருக்கும்வரை நிறம் திரும்பும் வாய்ப்பு நன்றாக இருக்கிறது. முடியும் வெளுத்துவிட்டால் கடினமாகிறது. பூச்சு மருந்துகளோடு, 311 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதா ஒளி கொண்டு தருகிற சிகிச்சையும் இருக்கிறது. தைராய்டு பரிசோதனையும் சேர்த்துச் செய்யச் சொல்வார்கள், இரண்டும் சேர்ந்து வருவது உண்டு என்பதால்.

வெளிறிய அல்லது சிவந்த திட்டு ஒன்றில் உணர்ச்சி குறைவாக இருக்கிறதா என்றும் பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு, பஞ்சு நுனியால் அந்த இடத்தையும் பக்கத்துத் தோலையும் மாறி மாறி வீட்டில் ஒருவரைத் தொடச் சொல்லுங்கள். திட்டில் மட்டும் தொடுவது தெரியவில்லை என்றால் மறுநாளே அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். தொழுநோயாக இருந்தால் 6 மாதமோ 12 மாதமோ மாத்திரை, முழுக்க இலவசம், முழுதாகக் குணமாகும். தள்ளிப்போட்டால்தான் நரம்பு கெட்டு விரல் மடங்கும்.

மச்சம் வடிவம் மாறுவது, ஓரம் ஒழுங்கற்று விரிவது, உள்ளங்காலிலோ நகத்தடியிலோ புதிதாகக் கறுப்புக் கோடு வருவது ஆகியவையும் மருத்துவர் உடனே பார்க்க வேண்டியவை.

இனி நிறுத்த வேண்டியவை

முதலாவது, ஸ்டீராய்டு கலந்த டியூப். மருந்துக்கடையில் "முகத்துக்கு ஒரு க்ரீம் கொடுங்கள்" என்று கேட்டால் கைக்கு வருவது பெரும்பாலும் இதுதான். வாங்கியதும் பெயரைப் பார்க்காதீர்கள், பின்புறம் பொடி எழுத்தில் உள்ளதைப் படியுங்கள். மொமெட்டாசோன், பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், ஃபுளுசினோலோன் என்று எது இருந்தாலும் அது ஸ்டீராய்டு. பல டியூப்களில் இதோடு நிறத்தைக் குறைக்கும் ஹைட்ரோகுவினோனும், மேல்தோலைச் சீக்கிரம் புதுப்பிக்கும் டிரெட்டினோயினும் சேர்ந்திருக்கும். இந்த மூன்றும் சேர்ந்த மருந்து மங்குக்குத் தோல் மருத்துவர்களே எழுதுவதுதான். ஆனால் அவர்கள் சில வாரங்களுக்கு மட்டும் எழுதுவார்கள், நடுவில் அழைத்துப் பார்ப்பார்கள், பிறகு மாற்றுவார்கள். நாம் வாசனைக் க்ரீம் போலத் தினம் காலையும் மாலையும் ஆண்டுக்கணக்கில் பூசுகிறோம்.

ஸ்டீராய்டு இரத்தக் குழாய்களைச் சுருக்கி, நிற உற்பத்தியையும் அடக்குவதால் முகம் சீக்கிரம் வெளுத்ததாகத் தெரியும். அந்த வெளுப்புக்கு விலையாகத் தோல் மெலிகிறது. இரத்தக் குழாய்கள் சிவப்புக் கோடுகளாகத் தெரிகின்றன, பரு வெடிக்கிறது, முடி முளைக்கிறது, வெயில் பட்டால் எரிகிறது. நிறுத்தினால் எல்லாம் ஒன்றுக்கு இரண்டாக வருவதால் மறுபடியும் அதையே பூசத் தோன்றும். இந்தியாவில் 12 மையங்களில் நடத்தி 2011இல் வெளியிட்ட ஆய்வில், முகத்தோல் பிரச்சினைக்காக வந்த 2,926 பேரில் 433 பேர் இப்படி ஸ்டீராய்டு பூசிக்கொண்டிருந்தார்கள். 2018இல் மத்திய அரசு பூச்சு ஸ்டீராய்டுகள் பலவற்றை, மருத்துவர் சீட்டு இருந்தால்தான் விற்கலாம் என்ற பட்டியலுக்குள் கொண்டுவந்தது. சீட்டு இல்லாமலும் இன்று கேட்டால் கொடுக்கும் கடைகள் இருக்கின்றன. சட்டம் நம்மைக் காக்கும் என்று இருக்க முடியாது. டியூப்பின் பின்புறத்தைப் படிக்கும் பழக்கம் நம்மிடம்தான் வர வேண்டும்.

ஏற்கெனவே பல மாதம் பூசிவிட்டீர்களா? வீட்டில் நீங்களாகச் சட்டென்று நிறுத்திவிட்டு வேதனைப்படாதீர்கள். டியூப்போடு தோல் மருத்துவரிடம் போங்கள். படிப்படியாகக் குறைத்து, எரிச்சலுக்கு வேறு மருந்து கொடுத்து வெளியே கொண்டுவருவார்கள். வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். அவர்கள் தினமும் பார்ப்பதுதான்.

அடுத்தது, யார் தயாரித்தார்கள் என்ற விவரம் இல்லாத சிவப்பழகு க்ரீம்கள். அழகு நிலையங்களிலும் கைப்பேசி வழியாகவும் விற்கிறார்கள். சிலவற்றில் பாதரசம் இருக்கிறது. கேரளத்தின் மலப்புரம் பகுதியில் 2021 ஜூலைக்கும் 2023 செப்டம்பருக்கும் இடையில் ஒருவகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை மருத்துவர்கள் விசாரித்தபோது, அவர்களில் 13 பேர் இத்தகைய க்ரீம் பூசியவர்கள் என்று தெரிந்தது. முகம் வெளுக்கப் பூசியது சிறுநீரகத்தைத் தாக்கியிருந்தது. "வெள்ளி, தங்கம், அலுமினியம் மேல் படாமல் வைக்கவும்" என்று டப்பாவில் எழுதியிருந்தால் பாதரசம் இருக்கக்கூடும் என்று கொள்ளுங்கள்.

எலுமிச்சை. இதைச் சொன்னால் பலர் கோபிப்பார்கள், பாட்டி காலத்திலிருந்து பூசுகிறோம் என்று. எலுமிச்சை இனங்களின் சாறும் தோலும் பட்ட இடத்தில் வெயில் பட்டால் தோல் வெந்து, ஆறும்போது கருமை நின்றுவிடும். மங்கு உள்ள முகத்தில் சாற்றைத் தடவிக்கொண்டு மொட்டைமாடியில் துணி காயப்போடப் போவது நெருப்பில் எண்ணெய் ஊற்றுவதுதான். சமையல் சோடா, பற்பசை எல்லாம் இந்தக் கணக்கில்தான் சேரும். கடலைமாவும் தயிரும் எரிச்சல் தராதவரை கெடுதல் இல்லை. ஆனால் அவை மங்கைப் போக்காது.

தேய்ப்பதையும் விடுங்கள். நைலான் நாரும் பீர்க்கங்கூடும் கொண்டு ஆண்டுக்கணக்கில் அழுத்தித் தேய்த்தால் முதுகிலும் கைகளிலும் எலும்பு மேட்டிலும் கருமை ஏறும். அழுக்குப் போகட்டும் என்று இன்னும் தேய்ப்போம், இன்னும் கருக்கும். கையால் சோப்பு போட்டால் போதும்.

பிறகு, பொட்டு. ஒட்டுப்பொட்டின் பசையில் இருக்கும் சில வேதிப்பொருள்கள் நிற அணுக்களைக் கொன்று, பொட்டு வைக்கும் இடத்தில் மட்டும் வெள்ளைத் தழும்பை உண்டாக்கும். செயற்கைச் சாயம் கலந்த குங்குமம் சிலருக்கு அதே இடத்தைக் கருக்க வைக்கும். அரித்தாலோ நிறம் மாறினாலோ அன்றே நிறுத்திவிடுங்கள். பொட்டு வைக்காமல் இருக்க வீட்டில் விடமாட்டார்கள் என்றால் வகிட்டில் மட்டும் வையுங்கள், ஒத்துக்கொள்ளும் வேறு பொருளைக் கொண்டு. தலைச்சாயம் பூசத் தொடங்கியபின் நெற்றியோரமும் காதருகிலும் கருத்தால் அதையும் சந்தேகிக்க வேண்டும். ஆண்கள் மீசைச் சாயத்தையும்.

வெயில்: இதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்

மங்குக்கு மருந்து ஆயிரம் இருந்தாலும், வெயிலைத் தடுக்காமல் பூசுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுதான். தோலில் நிறத்தை உண்டாக்கும் அணுக்கள் வெயில் பட்டதும் தோலைக் காக்க மெலனின் என்ற நிறப்பொருளை அதிகம் சுரக்கின்றன. நம்முடைய பழுப்பு நிறத் தோலில் அவை வேகமாக விழித்துக்கொள்ளும். வெயிலில் புண்ணாகாமல் நம்மைக் காப்பதும் அந்தக் குணம்தான், மங்கைக் கிளப்பிவிடுவதும் அதுதான்.

எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேல், பி.ஏ. குறியில் மூன்று கூட்டல் குறியாவது இருக்கிற சன்ஸ்கிரீனை வாங்குங்கள். எஸ்.பி.எஃப். 30 சரியான அளவில் பூசினால் தோலைச் சிவக்கவைக்கும் கதிர்களில் சுமார் 97 விழுக்காட்டைத் தடுக்கும். 50 என்றால் 98. விலை இரு மடங்கு என்றால் 30 போதும். எண்ணைவிட அளவு முக்கியம். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால் வருவது முகத்துக்கும் கழுத்துக்கும் ஒரு வேளைக்கான அளவு. ஏறக்குறைய ஒரு கிராம். காலையும் மதியமும் பூசினால் நாளைக்கு 2 கிராம். அதாவது 50 கிராம் டியூப் 25 நாளில் தீர வேண்டும். உங்கள் டியூப் நான்கு மாதம் வந்தால், நீங்கள் பூசுவது போதவில்லை.

கிளம்புவதற்குக் கால் மணி முன்னால் பூசுங்கள். வெளியிலேயே இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, வியர்வையைத் துடைத்தால் அப்போதும்.

வெயிலில் போகாதவர்களுக்கும் மங்கு ஏன் குறைவதில்லை? ஜன்னல் கண்ணாடி ஒருவகைப் புற ஊதாக் கதிரைத் தடுத்தாலும் இன்னொரு வகையை உள்ளே விட்டுவிடும். பஸ்ஸில் ஜன்னலோரம், அலுவலகத்தில் கண்ணாடிச் சுவரோரம் உட்காருகிறவர்கள் இதை நினைவில் வையுங்கள். கண்ணுக்குத் தெரிகிற சாதாரண வெளிச்சமும் நம் நிறத் தோலில் மங்கைக் கூட்டும். அதைத் தடுக்க, இரும்பு ஆக்சைடு கலந்து தோல் நிறத்திலேயே வருகிற சன்ஸ்கிரீன்கள் இருக்கின்றன. மங்கு உள்ளவர்களுக்கு என் பரிந்துரை அதுதான். வெள்ளை பூசியது போலவும் தெரியாது.

அடுப்பின் வெக்கையும் சிலருக்கு மங்கைக் கூட்டுகிறது. புகைபோக்கியோ மின்விசிறியோ வைத்து, தாளிக்கும்போது முகத்தை அடுப்பின் மேல் நீட்டாமல் இருப்பது கொஞ்சமாவது உதவும். இருசக்கர வண்டியில் போகிறவர்கள் மெல்லிய வெளிர் நிறத் துப்பட்டாவைச் சுற்றினால் போதாது. நெருக்கமாக நெய்த, அடர் நிறத் துணி வேண்டும். குடை பிடிக்கக் கூச்சப்படாதீர்கள். ஆண்களும்தான்.

மருத்துவரிடம் போகும்போது

டிவி விளம்பரத்தில் வரும் நிலையங்களுக்குப் போக வேண்டும் என்று இல்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. இதுவரை பூசிய எல்லா டியூப்களையும், சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகளையும், முதல் நாள் எடுத்த படத்தையும் ஒரு பையில் கொண்டுபோங்கள். கருத்தடை மாத்திரை, தைராய்டு மருந்து, மூட்டுவலி மருந்து என்று எதையும் விடாமல் சொல்லுங்கள். சில மருந்துகளே தோலைக் கருக்க வைக்கும். அதற்காக அவற்றை நீங்களாக நிறுத்தக் கூடாது.

கர்ப்பமாக இருந்தால், கர்ப்பத்துக்குத் திட்டமிட்டிருந்தால், பாலூட்டினால் முதல் வாக்கியமே அதுவாக இருக்கட்டும். டிரெட்டினோயின் கர்ப்பத்தில் ஆகாது. அசெலாயிக் அமிலம் ஆகும், பருத் தடத்துக்கும் மங்குக்கும் உதவும். கர்ப்பத்தில் விழுந்த மங்கு பலருக்குப் பிரசவத்துக்குப் பின் சில மாதங்களில் தானாகக் குறையும். அதுவரை சன்ஸ்கிரீனே போதுமான சிகிச்சை. தானாகக் குறையும் என்று அன்றே மாமியார் சொன்னார், நான்தான் கேட்கவில்லை.

ஹைட்ரோகுவினோன் நல்ல மருந்து, ஆனால் கெடு வைத்துப் பூச வேண்டிய மருந்து. நீண்ட நாள் பூசினால் சிலருக்குத் தோலில் நீலக்கருமை ஏறி நிரந்தரமாகத் தங்கிவிடும். எத்தனை வாரம், என்றைக்கு நிறுத்த வேண்டும் என்று மருத்துவரிடம் கேட்டுச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். இரத்தப்போக்கை நிறுத்தத் தருகிற டிரானெக்சாமிக் அமில மாத்திரையையும் மங்குக்குக் கொடுக்கிறார்கள். இரத்தம் உறைதல் தொடர்பான நோய் உங்களுக்கோ குடும்பத்திலோ இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். தோழிக்குக் கொடுத்த மாத்திரையை வாங்கி விழுங்காதீர்கள்.

லேசரும் தோலுரிப்பும் முதல் மாதமே செய்யச் சொன்னால் சற்று யோசியுங்கள். நம் தோலில் அவை தவறாகச் செய்யப்பட்டால் கருமையே கூடும். கல்யாணம் ஆறு வாரத்தில் என்று அவசரப்படுகிறவர்கள்தான் இதில் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். முகூர்த்தத்துக்கு ஒப்பனைக்காரர் மறைத்துக் கொடுப்பார். சிகிச்சையை அதற்குப் பிறகு நிதானமாகத் தொடங்கலாம்.

எத்தனை நாள் ஆகும்

தோலின் மேலடுக்கு புதுப்பித்துக்கொள்ள ஏறக்குறைய நான்கு வாரம் பிடிக்கிறது. வயது ஏற ஏற இன்னும் கூடும். ஆகவே எந்த மருந்தையும் எட்டு முதல் பன்னிரண்டு வாரம் பூசிப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல முடியாது. தினமும் கண்ணாடியில் தேடாதீர்கள். மாதம் ஒருமுறை, அதே ஜன்னல், அதே நேரத்தில் ஒரு படம். முதல் படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பழுப்பு நிறம் மேலடுக்கில் இருந்தால் இந்த மூன்று மாதத்தில் வித்தியாசம் தெரியும். சாம்பல் நிறமாக, ஆழத்தில் இருந்தால் ஓராண்டுக்கு மேலும் ஆகலாம்.

எரிந்தால், தோல் உரிந்தால், அந்த மருந்தை இரண்டு நாள் விட்டுவிட்டு மருத்துவரைக் கேளுங்கள். எரிச்சலே புதிய கருமைக்கு வித்தாகிவிடும்.

மங்கு மறைந்தாலும் அந்த அணுக்கள் அங்கேதான் இருக்கின்றன, அடுத்த கோடையில் திரும்ப விழித்துக்கொள்ளும். மருந்தை நிறுத்தினாலும் சன்ஸ்கிரீனைத் தொடருங்கள். மாசி முடிந்து வெயில் ஏறத் தொடங்கும்போது புது டியூப் ஒன்றை வாங்கி, பழையதன் காலாவதித் தேதியைப் பார்த்துத் தூக்கிப் போடுங்கள். கத்திரி வெயில் நாட்களில் காலை பத்திலிருந்து மாலை நான்கு மணி வரையிலான வெளி வேலைகளை முடிந்தமட்டும் காலைக்கோ மாலைக்கோ மாற்றிக்கொள்ளுங்கள்.